‘அதான் ஜெனரேட்டர் இருக்கே!’ எமர்ஜென்சி லைட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், அலுவலகம், எதுவாக இருந்தாலும் சரி. எமர்ஜென்சி லைட் பற்றிப் பேச்செடுத்தால் கட்டட உரிமையாளர் முதலில் சொல்வது, ‘அதான் ஜெனரேட்டர் இருக்கே!’ எல்லாத் தவறுகளும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

ஜெனரேட்டர் இருப்பது கரென்ட் போனாலும் வியாபாரம் ஓடுவதற்கு. தீப்பிடித்தால் கதை வேறு. கட்டடம் முழுவதற்கும் கரென்ட் பிரிந்து போகும் பேனல் அறையிலேயே தீ என்றால், ஜெனரேட்டர் நன்றாக ஓடினாலும் அதன் கரென்ட் மேல் மாடிக்குப் போக வழியில்லை. பல கட்டடங்களில் அதுவும் அதே பேனல் வழியாகத்தான் போகிறது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் தியேட்டரில் தீ தொடங்கியது தரைத்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில். இருட்டிலும் புகையிலும் பால்கனியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எமர்ஜென்சி லைட் இல்லை; கூடுதலாகப் போட்ட சீட்டுகள் வழியையும் அடைத்திருந்தன. 59 பேர் இறந்தார்கள். அதனால்தான் வெளியேறும் வழியில் உள்ள விளக்கு, வேறெதையும் நம்பாமல் சொந்த பேட்டரியில் எரிய வேண்டும் என்கிறோம்.

சரி, பேட்டரி லைட்டே வாங்கியாயிற்று. அதை எங்கே கனெக்‌ஷன் கொடுப்பது? பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். கைக்கு எட்டிய பிளக் பாயின்ட்டில் மாட்டிவிடுவார்கள். நம் ஊரில் கட்டடத்துக்குக் கரென்ட் வரும் மூன்று ஃபேஸும் (ஆர், ஒய், பி என்ற மூன்று லைன்கள்) ஒன்றாகப் போவதைவிட ஒரு ஃபேஸ் மட்டும் போவது சகஜம். நடைபாதை விளக்குகள் ஆர் ஃபேஸில், எமர்ஜென்சி லைட் ஒய் ஃபேஸில் என்றால், ஆர் போனதும் நடைபாதை கும்மிருட்டு. எமர்ஜென்சி லைட்டோ தனக்குக் கரென்ட் வருகிறது என்று சும்மா இருக்கும். ஒரே ஒரு எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானாக விழும் சின்ன பிரேக்கர்) விழுந்தாலும் இதே கதைதான். அந்தந்த இடத்து விளக்குகளுக்குப் போகும் அதே சர்க்யூட்டிலிருந்து, சுவிட்சுக்கு முன்னாலேயே லைன் எடுக்க வேண்டும். சுவிட்சுக்குப் பின்னால் எடுத்தால் தினமும் கடை மூடி விளக்கை அணைத்ததும் எமர்ஜென்சி லைட் எரிய ஆரம்பித்து, விடிவதற்குள் பேட்டரியை உறிஞ்சிவிடும். பூட்டும்போது எம்.சி.பி.யையே இறக்கும் பழக்கம் இருந்தாலும் இதுதான் நடக்கும். விளக்குகளைச் சுவிட்சில் அணைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, எண்ணிக்கைக் கணக்கு. ‘மாடிக்கு நாலு’ என்று எழுதி கொட்டேஷன் அனுப்புகிறவர்கள் நிறைய. எத்தனை என்பதைவிட எங்கே என்பதுதான் கேள்வி. 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது: வெளியேறும் வழியின் நடுக்கோட்டில், தரையில் குறைந்தது 10 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம், குறைந்தது ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டும், விளக்கு முடிந்தவரை தாழ்வாக, ஆனால் 2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். உயரம் பற்றிய விதியைப் பலர் கண்டுகொள்வதில்லை. புகை முதலில் கூரையில்தான் சேரும். ஃபால்ஸ் சீலிங்கில் அழகாகப் பதித்த விளக்கு அந்தப் புகைக்குள் முதலில் மறையும்.

இடத்துக்கு இடம் தேவையும் மாறும். படிக்கட்டில் ஒவ்வொரு வரிசைப் படிக்கும் நேரடி வெளிச்சம் விழ வேண்டும். படி திரும்பும் லேண்டிங்கில் ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த வரிசை நிழலில் கிடந்தால் பயனில்லை. இரட்டைத் தலை ஸ்பாட் லைட்டை இறங்குகிறவர் கண்ணைப் பார்த்துத் திருப்பி வைப்பது, இருட்டைவிட மோசம். கழிப்பறையையும் ட்ரையல் ரூமையும் எல்லோரும் மறக்கிறார்கள். ஓட்டல் சமையலறையில் கொதிக்கும் எண்ணெய் இருக்கிறது, அங்கே வழி தெரிந்தால் மட்டும் போதாது, அடுப்பை அணைக்கும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். பேனல் அறை, ஜெனரேட்டர் அறை இரண்டும் அப்படித்தான். செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிரேக்கரைத் தேடும் எலக்ட்ரீஷியனை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டடத்துக்கு வெளியே? ஒரு நாலு மாடி ஜவுளிக்கடையில், கடை மூடிய பிறகு மெயினை இறக்கிவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கிப் பார்த்தோம். உள்ளே எல்லாம் பளிச். கதவைத் திறந்து காலை வைக்கப் போனபோது வாட்ச்மேன் கையைப் பிடித்தார். “பார்த்து சார், ரெண்டு படி இருக்கு.” அவருக்குப் பழகிய இடம். புடவை வாங்க வந்தவருக்கு எப்படித் தெரியும்? வரைபடத்தில் விளக்குகள் கதவோடு நின்றிருந்தன. கடைசி வாசலுக்கு வெளியேயும் ஒரு விளக்கு வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.

எக்ஸிட் போர்டு விஷயம் சுருக்கமாக: ஆடித் தள்ளுபடி பேனர் அதன் மேல் தொங்கக் கூடாது. தடுப்பு, ரேக் எது மாற்றினாலும் அன்றே ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் டெஸ்ட். லைட்டில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் எரிகிறதே என்று திருப்தி அடைய வேண்டாம்; சாகக் கிடக்கும் பேட்டரியும் பத்து விநாடி எரியும். மாதம் ஒரு முறை பட்டன், வருடம் ஒரு முறை முழு 90 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியும் நேரத்தில் லக்ஸ் மீட்டரைத் தரையில் வைத்துப் பாருங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள விளக்குகளை முதலில் கவனியுங்கள், வெயில் சூட்டில் பேட்டரி சீக்கிரம் போவது அங்கேதான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: முழுதாக இறங்கிய பேட்டரி மறுபடி ஏற 24 மணி நேரம்கூட ஆகும். எல்லா மாடியையும் ஒரே ராத்திரியில் டெஸ்ட் செய்தால் மறுநாள் கட்டடமே பாதுகாப்பில்லாமல் நிற்கும். ஒன்று விட்டு ஒரு விளக்காகப் பிரித்து, விடுமுறைக்கு முந்தைய இரவில் செய்யுங்கள். தீபாவளி வாரத்தில் வேண்டவே வேண்டாம்.