ஏர் ஃப்ரையரில் வெள்ளைப் பணியாரம் வருமா? சமையல் கருவி வாங்கும்போது செய்யும் தவறுகள்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது காரைக்குடியில் சித்தி மகள் ஏர் ஃப்ரையர் வாங்கினாள். "ஆச்சி, இனிமே பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டியே வேண்டாம்" என்று போன் செய்தாள். மறுநாள் போனேன். வெள்ளைப் பணியார மாவு கூடையின் துளை வழியாக ஒழுகி, அடியில் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. அவள் முகம் வாடிவிட்டது. மாவில் குறை ஒன்றும் இல்லை. பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் மாதிரி ஆட்டியிருந்தாள்.

ஏர் ஃப்ரையருக்குள் இருப்பது சூடாகும் கம்பிச் சுருளும் ஒரு காற்றாடியும். சூடான காற்றைச் சுழலவிடும் சின்ன ஓவன் அது. காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவை ஊற்றினால், எண்ணெய் எல்லாப் பக்கமும் சூழ்ந்து மேல்தோலை உடனே இறுக்கிவிடுகிறது. பணியாரம் உப்பி மேலே வருகிறது. காற்றால் அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கொடுக்க முடியாது, இறுகுவதற்குள் மாவு ஓடிவிடும். கிண்ணத்தில் ஊற்றி வைத்தாலும் தோல் தடித்த இட்லிதான் கிடைக்கும். வெல்லம் சேர்த்த மாவை எண்ணெயில் ஊற்றிச் சுடும் கந்தரப்பத்துக்கும் இதே கதி. கையில் உருட்டி வைக்கக்கூடியவை வேறு. கோலா உருண்டை, மசாலா தடவிய கோழி, உருளைக்கிழங்கு இவையெல்லாம் மேலே கொஞ்சம் எண்ணெய் தடவி வைத்தால் நன்றாகவே வரும். நேற்றைய வடையைச் சுடவைக்கவும் நல்லது.

பெரும்பாலும் நாம் கடையில் "இதில் என்னென்ன செய்யலாம்?" என்று கேட்கிறோம். அவர்கள் கேக்கிலிருந்து பீட்சா வரை சொல்வார்கள். போன மாதம் நம் அடுப்பில் என்ன பண்டம் எத்தனை முறை ஏறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்தத் தாளில் உள்ளதை இந்தக் கருவி செய்யுமா என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்த தவறு ஆபத்தானது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கடைசியில் அடுப்படி வரும் பழைய வீடுகளில், அங்கே ஒரு பல்பும் மிக்சியும் ஓடினால் போதும் என்றுதான் பல இடங்களில் ஒயர் இழுத்திருப்பார்கள். சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 1380 வாட் வரைதான் தாங்கும். ஏர் ஃப்ரையர்கள் பல 1400, 1500 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் வரை போகும். இவற்றுக்கு 16 ஆம்பியர் பெரிய பிளக் வேண்டும். ஒல்லியான எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டி ஓட்டுவது வேண்டவே வேண்டாம். ஒயர் சூடாகி உருகும். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் வாட் அளவைப் பார்த்துவிட்டு, எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு பணம் கட்டுங்கள். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு யூனிட் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனிப்புக்காகக் கவுனி அரிசியை, அதாவது கறுப்பு அரிசியை, எலக்ட்ரிக் குக்கரில் வைத்து நானே ஒருமுறை கஷ்டப்பட்டேன். விருந்தாளிகள் இலையில் உட்காரும் நேரம். குக்கர் 'டக்' என்று அணைந்துவிட்டது, திறந்தால் அரிசி பல்லில் கடிபடுகிறது. காரணம் பிறகுதான் புரிந்தது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், அதை உணர்ந்து சுவிட்ச் அணையும். அரிசி வெந்ததா என்று அந்தக் குக்கர் பார்ப்பதே இல்லை. வெள்ளை அரிசிக்கு இரண்டும் ஒன்றாக நடந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. தவிடு நீக்காத கவுனிக்கு அது ஒத்துவராது. ராத்திரியே ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு பிரஷர் குக்கரில் நிறைய விசில் விட்டு, விரலால் நசுக்கினால் மசிகிற பதம் வந்த பிறகே சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்க்க வேண்டும்.

இண்டக்‌ஷன் வாங்குகிறவர்கள் கையில் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வீட்டுப் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாதது அதில் சூடாகாது. பித்தளை, செம்பு, சாதாரண அலுமினியம், மண்சட்டி எல்லாம் போச்சு. இரும்புப் பணியாரக் கல்லில் காந்தம் ஒட்டும், ஆனாலும் அடிப்பக்கம் குழிகுழியாக இருப்பதால் அடுப்போடு சரியாகப் படியாது. நடுக்குழி கருகும், ஓரக்குழி மாவாகவே நிற்கும்.

நான்ஸ்டிக் தோசைக்கு நல்லது. சுக்கா வறுவலுக்கும் மசாலா வறுக்கவும் வேண்டாம். வெறும் சட்டியைப் பெருந்தீயில் விட்டால் சூடு 260 டிகிரியைத் தாண்டும், டெஃப்லான் பூச்சு சிதையத் தொடங்கும்.

வெங்காயம் நறுக்கும் கருவி பற்றி ஒன்றே ஒன்று. நம் குழம்புக்குப் போவது சின்ன வெங்காயம். அதில் நேரம் போவது உரிப்பதில்தான், நறுக்குவதில் இல்லை. அந்தக் கருவி உரிக்காது.

எனக்கு மனசு பொறுக்காதது எக்ஸ்சேஞ்ச் சலுகைதான். பக்கத்து வீட்டு ஆச்சி, கல்யாணச் சீரில் வந்த பித்தளைத் தேன்குழல் அச்சை எடைக்குப் போட்டுவிட்டு, மின்சாரத்தில் பிழியும் கருவி வாங்கினார். தேன்குழல் மாவு சற்றுக் கெட்டியானாலே அது திணறி நின்றுவிடுகிறது. தண்ணீர் கூட்டிப் பிசைந்தால் சுற்றியதெல்லாம் எண்ணெய் குடிக்கிறது. இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் அதே கனத்தில் ஓர் அச்சு கிடைக்குமா என்று தேடுகிறார். உங்கள் பரணில் அப்படி ஒன்று இருந்தால், புதியது வந்து இரண்டு பண்டிகை கழியும்வரையாவது அதைக் கொடுத்துவிடாதீர்கள்.