கம்பெனி கேட்டுக்கு வெளியே இருக்கும் உதவி

எட்டே பேர் வேலை செய்யும் ஒரு பனியன் யூனிட். பிசிறு வெட்டும் பெண்ணிடம் முதலாளியே வாலாட்டுகிறார். “பத்துப் பேர் இருந்தால்தான் கமிட்டி, நமக்கு அந்தச் சட்டம் கிடையாது” என்று உடன் வேலை செய்பவர்களே அவளை அடக்கிவிடுவார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பத்துப் பேர் கணக்கு, நிறுவனத்துக்குள் குழு அமைப்பதற்கு மட்டும்தான். அதற்குக் குறைவானவர்கள் உள்ள இடம் என்றாலும், புகார் முதலாளி மீதே என்றாலும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அதுவே வழி. எங்கே போவது என்று தெரியாவிட்டால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

அடுத்த தவறு, ஊர்ப் பெரியவரை வைத்துப் பேசி முடிப்பது. பெண்ணே கேட்டால் மட்டுமே சமரசம். அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது என்கிறது சட்டம். இன்று பேசலாம், நாளை பேசலாம் என்று இழுப்பதற்குள் புகாருக்கான மூன்று மாதம் ஓடிவிடும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நிறுவனத்துக்குள் அமைக்கும் குழுவில், வெளியிலிருந்து வரவேண்டிய உறுப்பினராக முதலாளிக்கு வேண்டப்பட்டவரையே போடுவதும் நடக்கிறது. பெண்களுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனத்தவரைத் தேடிப் பிடிக்க அவ்வளவு சோம்பல்!

கணவன் குடித்துவிட்டு கேட்டில் வந்து மிரட்டினால், ‘குடும்ப விஷயம்’ என்று நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ளும். சில இடங்களில் தொல்லை வேண்டாமென்று அவளையே நிறுத்திவிடுவார்கள். அடித்தவன் வேண்டியதும் அதுதானே? 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ், அவள் வேலை செய்யும் இடத்துக்குள் அவன் நுழையக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மனு போட மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசம், எண் 15100. உத்தரவு கிடைத்தால் ஒரு நகலை வாட்ச்மேனிடம் கொடுத்துவையுங்கள். அது பீரோவில் இருந்தால் கேட்டில் யார் தடுப்பது? கத்தியோடு நிற்கிறான் என்றால் மனுவெல்லாம் பிறகு, முதலில் அவசர எண் 112.

இந்த எண்களை ஒட்டும் இடத்திலும் கோட்டை விடுகிறார்கள். சூப்பர்வைசர் மேசைக்குப் பின்சுவரில் ஒட்டினால் யார் நின்று குறித்துக்கொள்வார்? கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஒடிசா, பீகார் பெண்கள் இருந்தால் ஒடியாவிலும் இந்தியிலும் எழுதுங்கள்.