மாத்திரையை எண்ணிக் கேள்வி கேட்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய உம்லாசியில், ஒரு சிறிய கிளினிக்கில் எச்.ஐ.வி. ஆலோசகராகச் சில வருடங்கள் இருந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் இளம்பெண்கள். இப்போது புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள், அன்று நான் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். எச்.ஐ.வி. மாத்திரையைத் தினமும் தவறாமல் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

டப்பாவைக் கொட்டி எண்ணுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கிளினிக்குக்கு வந்த பெண் உட்கார்ந்ததும் அவளுடைய மாத்திரை டப்பாவை வாங்கி மேஜையில் கொட்டி, பேனா முனையால் ஐந்தைந்தாகத் தள்ளி, "ஒன்பது மிச்சம் இருக்கிறதே, ஏன்?" என்று கேட்பது.

நானும் அப்படித்தான் கேட்டேன். பத்தொன்பது வயது, பாட்டியோடு இருந்தவள். நான் திட்டவில்லை, ஆனால் முகத்தைச் சுளித்தேன். அடுத்த மாதத்திலிருந்து டப்பா சுத்தமாகக் காலி. பாராட்டினேன். அப்புறம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனையின் முடிவு வந்தது: எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மிஞ்சிய மாத்திரைகளை டாக்ஸி ஸ்டாண்டுச் சாக்கடையில் கொட்டிவிட்டுத்தான் மாதாமாதம் உள்ளே வந்திருக்கிறாள். "நீங்கள் வருத்தப்படக் கூடாதென்று நினைத்தேன், சிஸ்டர்" என்றாள்.

இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. 2009-இல் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் தொடங்கிய வாய்ஸ் ஆய்வில் 5,029 பெண்கள் சேர்ந்தார்கள். அது நோய் வராமல் தடுக்கும் மருந்துக்கான ஆய்வு. வாயால் சொன்னதை வைத்தும், திருப்பித் தந்த மருந்தை எண்ணியும் பார்த்தால் ஏறத்தாழ 90 விழுக்காடு சாப்பிட்டதாகக் கணக்கு. ரத்தத்தைச் சோதித்தபோது, மாத்திரை வாங்கிய பெண்களின் மாதிரிகளில் சுமார் 30 விழுக்காட்டில்தான் மருந்து தெரிந்தது. அவ்வளவு பெரிய ஆய்வில் மருந்தால் பலன் தெரியாமலே போயிற்று.

எண்ணுவதை நிறுத்திவிட்டு, "போன வாரம் எந்த நாள் கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வெள்ளியும் சனியும். அந்த இரண்டு நாளும் காதலன் அறையில் தங்குவாள், பைக்குள் டப்பா கலகலவென்று சத்தம் போடும், அதனால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். நாங்கள் இருவரும் டப்பாவுக்குள் பஞ்சை அடைத்து, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தோம். சத்தம் இல்லை. இந்த ஒரு கேள்வியை நான் முதல் மாதமே கேட்டிருந்தால் அவள் உடம்பு அத்தனை மாதம் மருந்துக்குறையோடு போராடியிருக்காது.

"ராத்திரி எட்டு மணிக்குத்தான்"

இது எஃபாவிரென்ஸ் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்தின் காலத்துப் புத்திமதி. அந்த மருந்து தலைசுற்றலும் கெட்ட கனவும் தந்ததால் படுக்கும் நேரத்தில் சாப்பிடச் சொன்னோம். தென்னாப்பிரிக்காவில் 2019 முதல் வந்த டோலுடெக்ராவிர் என்ற மருந்து கலந்த ஒற்றை மாத்திரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும், சாப்பாட்டுக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், ராத்திரி எட்டு மணிக்குத் தனியாக மாத்திரை விழுங்க எங்கே இடம்? காலையில் பல் தேய்க்கும் நேரம் அவளுக்கு வசதி என்றால் காலையிலேயே சாப்பிடட்டும்.

கர்ப்பமானதும் தரும் இரும்புச் சத்து மாத்திரை

வெறும் வயிற்றில் சேர்த்துச் சாப்பிட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடலாம். நெஞ்செரிச்சலுக்கான, அலுமினியமோ மெக்னீசியமோ கலந்த ஆன்டாசிட் அப்படியல்ல: எச்.ஐ.வி. மாத்திரையை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும். மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள், அவளாகச் சொல்ல மாட்டாள்.

எச்.ஐ.வி. இருப்பதை வீட்டில் சொல்லிவிடச் சொல்லி நெருக்குவது

வேண்டாம். அடி வாங்கப்போவது அவள்.

ஒரு நாள் மறந்தால்

ஞாபகம் வந்ததும் ஒன்று. சேர்த்து இரண்டு வேண்டாம்.