புல்பென்னின் கடைசி இடம் யாருக்கு? வசந்தகாலப் பயிற்சி முகாமைப் பின்தொடரும் முறை

பேஸ்பால் பார்க்கப் புதிதாகத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் லீக் ஆட்டங்கள் ஆரம்பித்த பிறகுதான் அணியைக் கவனிக்கிறார்கள். ஆனால் அந்த அணியின் ஒரு பகுதி, பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதிவரை நடக்கும் வசந்தகாலப் பயிற்சி முகாமிலேயே தீர்மானமாகிவிடுகிறது. வட அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கின் 30 அணிகளில் 15 அணிகள் புளோரிடாவிலும் மற்ற 15 அணிகள் அரிசோனாவிலும் முகாமிடுகின்றன. அங்கே ஆடப்படும் பயிற்சி ஆட்டங்களின் வெற்றி தோல்வி லீக் தரவரிசையில் சேராது. இருந்தாலும் அவற்றில் ஆடும் சில இளைஞர்களின் வாழ்க்கையே அந்த ஆறு வாரங்களில் திசை மாறும்.

முகாமில் நடக்கும் போட்டிகளில் புல்பென் போட்டியே மிகச் சுவையானது என்பது என் உறுதியான எண்ணம். ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளரான ஸ்டார்ட்டர், ஓர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸ்களில் ஐந்தாறு முடிவதற்குள் களைத்துவிடுவார். எஞ்சிய இன்னிங்ஸ்களை ரிலீவர்கள் எனப்படும் மாற்றுப் பந்துவீச்சாளர்கள் வீசுவார்கள். அவர்கள் உடலைச் சூடேற்றிக்கொள்ளும் தடுப்புக்குள் இருக்கும் இடத்துக்குப் புல்பென் என்று பெயர். அந்தக் குழுவையும் அதே பெயரால் அழைக்கிறார்கள். அந்தக் குழுவில் யாருக்கு இடம் கிடைக்கும் என்பதை நீங்களே கணிக்கக் கற்றுக்கொள்வதற்கான படிகளைக் கீழே தருகிறேன். எடுத்துக்காட்டுக்கு, புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் நகரில் 2021 வசந்தத்தில் முகாமிட்ட போஸ்டன் ரெட் சாக்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம்.

படி 1: காலியிடங்களை எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து உங்கள் அணியின் பந்துவீச்சாளர்களின் பெயர்களை எழுதுங்கள். லீக் ஆட்டங்களுக்கான அணியில் 26 பேர் இருக்கலாம். 2022 ஜூன் முதல் அவர்களில் பந்துவீச்சாளர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஸ்டார்ட்டர்கள் ஐவரைக் கழித்தால் புல்பென்னுக்கு எட்டு இடங்கள் எஞ்சும். பெரிய ஒப்பந்தத்தில் இருப்பவர்களையும் சென்ற ஆண்டு நன்றாக வீசியவர்களையும் அந்த எட்டில் நிரப்பிவிட்டால், பெரும்பாலான அணிகளில் இரண்டு அல்லது மூன்று இடங்களே காலியாக இருக்கும். முகாமுக்கு வந்திருக்கும் பத்துப் பதினைந்து பேரும் அந்த இரண்டு மூன்று இடங்களுக்காகத்தான் மோதுகிறார்கள்.

படி 2: ஒவ்வொருவரின் ஒப்பந்த நிலையையும் எழுதுங்கள்

புதியவர்கள் தவறவிடும் படி இதுதான்; ஆகவே இதில் சற்று நிதானமாக நிற்போம். யார் நன்றாக வீசுகிறார் என்பது அணி நிர்வாகம் கேட்கும் இரண்டாவது கேள்விதான். யாரைக் கீழே, அதாவது அணியின் கீழ்நிலைக் குழுக்கள் ஆடும் மைனர் லீக்குக்கு, அனுப்பினால் அவரை இழக்க நேரிடும் என்பதே முதல் கேள்வி. பெயர்ப் பட்டியலுக்கு அருகில் இன்னொரு கட்டம் போட்டு, ஒவ்வொரு வீரரும் பின்வரும் நிலைகளில் எதில் இருக்கிறார் என்று குறியுங்கள்.

முதல் நிலை, 'ஆப்ஷன்' மிச்சம் இருப்பவர். அணி தனக்கென்று பாதுகாத்து வைத்திருக்கும் 40 பேர் பட்டியலில் உள்ள ஒரு வீரரைப் பொதுவாக மூன்று ஆண்டுகள் வரை, மற்ற அணிகளின் குறுக்கீடு இல்லாமல் மைனர் லீக்குக்கு அனுப்பித் திரும்ப அழைக்கலாம். இவர் எவ்வளவு சிறப்பாக வீசினாலும், இடம் போதாதபோது முதலில் கீழே போகிறவர் பெரும்பாலும் இவர்தான். திறமைக் குறைவால் அல்ல, அனுப்ப வசதியாக இருப்பதால் அனுப்பப்படுகிறார். இது அநியாயமாகத் தோன்றலாம். சம்பந்தப்பட்ட வீரருக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம்தான்.

இரண்டாவது நிலை, ஆப்ஷன் தீர்ந்தவர். இவரை மைனர் லீக்குக்கு அனுப்ப வேண்டுமானால் முதலில் 'வேவர்ஸ்' என்ற ஏற்பாட்டின் வழியே மற்ற அணிகளின் முன் வைக்க வேண்டும். விரும்பும் அணி அவரை எடுத்துக்கொண்டு போய்விடலாம். சமமாக வீசும் இருவரில் ஒருவருக்கு ஆப்ஷன் இருந்து மற்றவருக்குத் தீர்ந்திருந்தால், தீர்ந்தவருக்கே இடம் என்று தயங்காமல் எழுதிவிடலாம்.

மூன்றாவது நிலை, 'ரூல் 5' தேர்வில் வந்தவர். வேறொரு அணி தன் 40 பேர் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்காமல் விட்ட வீரரை 1,00,000 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. எடுத்த அணி அவரை அந்த ஆண்டு முழுவதும் மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால், வேவர்ஸில் வேறு யாரும் எடுக்காத நிலையில், 50,000 டாலருக்குப் பழைய அணியிடமே திருப்பித் தர முன்வர வேண்டும்.

நம் எடுத்துக்காட்டு இங்கேதான் உயிர் பெறுகிறது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் மைனர் லீக்கில் இருந்த காரெட் விட்லாக் 2019 ஜூலையில் முழங்கைக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மைனர் லீக்கின் இரண்டாவது உயர்ந்த நிலையான டபுள்-ஏவுக்கு மேல் அவர் வீசியதே இல்லை. யாங்கீஸ் அவரைப் பாதுகாக்காமல் விட, 2020 டிசம்பரில் பரம எதிரியான ரெட் சாக்ஸ் ரூல் 5 தேர்வில் எடுத்தது. பயிற்சி முகாமில் அவரைக் கீழே அனுப்பிப் பார்ப்போம் என்ற வழியே அணிக்கு இல்லை. வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இழக்க வேண்டும். முகாமில் நன்றாக வீசி இடம்பிடித்த விட்லாக், அந்த ஆண்டு 73 இன்னிங்ஸ்களுக்கு மேல் வீசி 1.96 என்ற இ.ஆர்.ஏ.வுடன் (கொடுத்த ரன்களின் சராசரி; குறைவாக இருந்தால் சிறப்பு) முடித்தார். ஒப்பந்த நிலை கதவைத் திறந்து வைத்தது. உள்ளே நுழைந்தது அவருடைய பந்து.

நான்காவது நிலை, 40 பேர் பட்டியலில் இல்லாமல் அழைப்பின் பேரில் வந்தவர். இவருக்கு இடம் தர வேண்டுமானால் பட்டியலிலிருந்து வேறொருவரை நீக்க வேண்டும். ஆகவே இவர் ஒரு படி அதிகமாகவே ஏற வேண்டியிருக்கும். ஆனால் இவர்களில் அனுபவம் மிகுந்த மூத்த வீரர்கள் சிலருக்கு, லீக் தொடங்குவதற்கு ஐந்து நாட்களுக்கு முன் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. அப்படிப்பட்டவரின் பெயருக்கு அருகில் அந்தத் தேதியையும் எழுதி வையுங்கள்.

இவ்வளவுக்கும் விதிவிலக்கு உண்டு. 2018 இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில், டபுள்-ஏவுக்கும் கீழே உள்ள ஹை-ஏ நிலைக்கு மேல் வீசியிராத 21 வயது ஜோர்டன் ஹிக்ஸ், மணிக்கு 100 மைலைத் தாண்டும் வேகத்தால் தொடக்க நாள் அணியிலேயே இடம்பிடித்தார். அத்தகைய கை அபூர்வம் என்பதால்தான் அந்தப் பெயர் இன்னும் நினைவில் இருக்கிறது.

படி 3: எந்த இன்னிங்ஸில் வீசினார் என்று பாருங்கள்

ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் ஸ்கோர் அட்டையில் எத்தனை ரன் கொடுத்தார் என்பதைத் தேடாதீர்கள். எப்போது வந்தார் என்பதைத் தேடுங்கள். பயிற்சி ஆட்டங்களில் எதிரணியின் முக்கிய மட்டையாளர்கள் இரண்டு மூன்று முறை ஆடிவிட்டு, ஐந்தாவது இன்னிங்ஸ் வாக்கில் உடை மாற்றிக்கொள்ளப் போய்விடுவார்கள். எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸ்களில் களத்தில் நிற்பவர்கள் முதுகில் 80, 90 என்று பெரிய எண்களைத் தாங்கிய மைனர் லீக் இளைஞர்கள். ஒன்பதாவதில் மூவரை வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தவரைவிட, நான்காவது இன்னிங்ஸில் எதிரணியின் முதல் மூன்று மட்டையாளர்களிடம் ஒரு ரன் கொடுத்தவர் போட்டியில் முன்னணியில் இருக்கக்கூடும். மேலாளர் ஒருவரை ஐந்தாவது இன்னிங்ஸுக்கு முன்பாகவே அடிக்கடி அழைக்கிறார் என்றால், உண்மையான மட்டையாளர்களுக்கு எதிராக அவரைச் சோதிக்க விரும்புகிறார் என்று பொருள்.

பயிற்சி ஆட்டங்களுக்கென்று சில சலுகைகளும் உண்டு. வெளியே எடுக்கப்பட்ட பந்துவீச்சாளர் மீண்டும் வந்து வீச அனுமதிக்கப்படுகிறார். 2021 முகாமின் முதற்பகுதியில், பந்துவீச்சாளர் 20 பந்துகள் வீசிவிட்டால் மூன்று அவுட் விழும் முன்பே இன்னிங்ஸை முடித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. ஆகவே அட்டையில் தெரியும் இன்னிங்ஸ் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

படி 4: இ.ஆர்.ஏ.வை மறந்து ஸ்ட்ரைக்குகளை எண்ணுங்கள்

ஒன்பது இன்னிங்ஸ்களுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதைச் சொல்லும் சராசரி இ.ஆர்.ஏ. ஒரு ரிலீவர் முகாம் முழுவதும் வீசுவது எட்டுப் பத்து இன்னிங்ஸ்களே. ஏழு இன்னிங்ஸ்களில் ஒரு ரன்கூடக் கொடுக்காதவர், எட்டாவதில் காற்றில் சிக்கிய இரண்டு பந்துகளால் ஐந்து ரன் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்: அவருடைய இ.ஆர்.ஏ. 5.63 ஆகிவிடும். அந்த எண்ணைப் பார்ப்பவர் அவரைத் தோற்றவர் என்று நினைப்பார். அணி நிர்வாகம் அப்படி நினைக்காது. அதிலும் அரிசோனாவின் வறண்ட காற்றில் பந்து தொலைவு பறக்கும், வளைந்து இறங்க வேண்டிய பந்து சரியாக வளையாது.

அதற்குப் பதிலாக மூன்றைக் குறித்து வாருங்கள். வீசிய பந்துகளில் எத்தனை ஸ்ட்ரைக் (அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்த, அல்லது மட்டையாளர் மட்டையைச் சுழற்றிய பந்து) என்பது முதலாவது; மேஜர் லீக்கில் 100க்கு ஏறத்தாழ 64 ஸ்ட்ரைக்காக இருக்கும். இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பிய 'வாக்' எத்தனை என்பது இரண்டாவது. கடைசி இடத்துக்குப் போட்டியிடும் இளைஞர்களை வீழ்த்துவது பெரும்பாலும் இதுதான். மூன்றாவது வேகம். முகாம் தொடக்கத்தில் வேகம் குறைவாக இருப்பது இயல்பு. மார்ச் கடைசி வாரத்திலும் சென்ற ஆண்டைவிட இரண்டு மூன்று மைல் குறைந்தே இருந்தால் கவலைப்பட வேண்டும்.

படி 5: எந்த வேலைக்கான இடம் என்று பிரித்துப் பாருங்கள்

இருபது ஓவர் கிரிக்கெட்டில் இறுதி ஓவர்களுக்கென்று ஒருவரை வைத்திருப்பதைப் போல, ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று ஒருவரை வைத்திருப்பார்கள், அவர் க்ளோசர். 2021 ரெட் சாக்ஸ் முகாமில் மாட் பார்ன்ஸும், யாங்கீஸிடமிருந்து வந்த ஆடம் ஒட்டாவினோவும் இந்த வேலைக்குப் போட்டியிட்டார்கள். மேலாளர் அலெக்ஸ் கோரா பார்ன்ஸைத் தேர்ந்தெடுத்தார். பார்ன்ஸ் 24 சேவ்களுடன் (முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தை இறுதிவரை காத்து முடிப்பது சேவ்) சிறந்த வீரர்களுக்கான ஆல்-ஸ்டார் அணிக்கும் போனார், ஆனால் ஆகஸ்ட் முடிவதற்குள் அந்த வேலையை இழந்தார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2011 இல், க்ளோசர் பில்லி வாக்னர் ஓய்வு பெற்ற பின் அட்லான்டா பிரேவ்ஸ் முகாமில் கிரெய்க் கிம்ப்ரெலும் ஜானி வென்டர்ஸும் இதே போட்டியில் இருந்தார்கள். அந்த ஆண்டு 46 சேவ்கள் எடுத்து நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகமானார் கிம்ப்ரெல். வென்டர்ஸ் அவருக்கு முந்தைய இன்னிங்ஸ்களைத் தாங்கினார். க்ளோசர் போட்டியில் தோற்றவர் புல்பென்னிலிருந்து வெளியேறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். செய்திகள் அதையே பெரிதாக்கினாலும், இடத்தை இழப்பவர்கள் பட்டியலின் அடியில்தான் இருப்பார்கள்.

அடியில் இருக்கும் இடங்களில் ஒன்று பல இன்னிங்ஸ் வீசக்கூடியவருக்கு. ஸ்டார்ட்டர் வாய்ப்பை இழந்தவர் பெரும்பாலும் இதற்கு வருவார். இன்னொன்று இடது கைக்காரருக்கு. வருகிற பந்துவீச்சாளர் குறைந்தது மூன்று மட்டையாளர்களுக்காவது வீச வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்ற விதி 2020 இல் வந்ததிலிருந்து, ஒரே ஒரு இடது கை மட்டையாளருக்காக மட்டும் ஒருவரை வைத்திருக்க வழியில்லை. ஆகவே இடது கைக்காரர் வலது கை மட்டையாளர்களை எப்படிச் சமாளிக்கிறார் என்பதையும் உங்கள் தாளில் சேருங்கள்.

படி 6: கடைசிப் பத்து நாட்களில் தினமும் பாருங்கள்

மார்ச் கடைசியில் ரிலீவர்களை அடுத்தடுத்த இரண்டு நாட்களில் வீச வைப்பார்கள். இது உடல் தாங்குமா என்பதற்கான சோதனை. இந்தச் சோதனைக்கு உட்படுத்தப்படுபவர் நிர்வாகத்தின் கணக்கில் இருக்கிறார் என்று நம்பலாம். அதே நாட்களில் வரும் அறிவிப்புகளையும் படி 2 இல் போட்ட கட்டத்துடன் ஒப்பிடுங்கள். ஒருவர் காயப் பட்டியலுக்குப் போனால் ஓர் இடம் திறக்கும். வேறு அணி கழித்துவிட்டவரை உங்கள் அணி வேவர்ஸில் எடுத்தால் ஓர் இடம் மூடும். முகாமிலேயே இல்லாத ஒருவர் கடைசி நாளில் வந்து இடத்தைப் பிடிப்பது இப்படித்தான்.

தொடக்க நாள் பட்டியல் வந்ததும் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆப்ஷனில் கீழே அனுப்பப்பட்ட பந்துவீச்சாளர், காயமடைந்தவருக்கு மாற்றாக அழைக்கப்பட்டால் ஒழிய, 15 நாட்கள் அங்கேயே இருக்க வேண்டும். ஆகவே ஏப்ரல் நடுப்பகுதியில், களைத்துப்போன புல்பென்னுக்கு முதலில் அழைக்கப்படப்போகிறவரின் பெயர் அநேகமாக உங்கள் தாளில் நீங்கள் கடைசியாக அடித்து நீக்கிய பெயராகவே இருக்கும்.