கால்பந்து பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: அலாரம் எந்த ராத்திரிக்கு என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்

2024 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கால்பந்துக் கோப்பை) இறுதி ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. ஒரு மாதமாக அதற்குத்தான் காத்திருந்தேன். ஜூலை 15, திங்கள், 12:30 மணி என்று காலண்டரில் குறித்துக்கூட வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்து, திங்கள் காலை எழுந்து செல்போனைத் திறந்தால் ஸ்டேட்டஸ் முழுக்க ஸ்பெயின் கொடி. 12:30 என்றால் நள்ளிரவு 12:30, அதாவது நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அதே ராத்திரி. இங்கிலாந்தை 2-1 என்று ஜெயித்து, கோப்பையைத் தூக்கி, ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆகவே ஆஃப்சைடு, ஃபார்மேஷன் எல்லாம் அப்புறம். முதலில் தேதி. 2026 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், மெக்சிகோவும் தென்னாப்பிரிக்காவும் மோதுவது, அங்கே ஜூன் 11 மத்தியானம். நமக்கு ஜூன் 12, நள்ளிரவு 12:30. அந்தத் தேதியை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, மேட்டூர் அணை திறக்கிற நாள். ஆனால் 11ஆம் தேதி ராத்திரி படுக்காமல் இருந்தால்தான் ஆட்டம் கிடைக்கும். 12ஆம் தேதி ராத்திரி உட்கார்ந்தால் என் கதிதான். ஐரோப்பாவில் நடந்தால் பெரிய ஆட்டங்கள் கோடையில் நமக்கு 12:30க்கும், அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிற குளிர்காலத்தில் 1:30க்கும் வரும். அமெரிக்கக் கண்டங்களில் நடந்தால் இரவு 9:30 ஆட்டமும் உண்டு, காலை 6:30 ஆட்டமும் உண்டு. பால் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

ராத்திரி விழிப்பு நமக்குப் பழகிய விஷயம்தான். 2014 பிரேசில் உலகக் கோப்பை சமயத்தில் த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில் வரும், குறுவைக்கு போர் தண்ணீர் பாய்ச்ச சித்தப்பா எப்படியும் விழித்திருப்பார். பிரேசில்-ஜெர்மனி அரையிறுதி நமக்கு 1:30க்குத் தொடங்கியது. 11ஆம் நிமிடம் ஜெர்மனி ஒரு கோல் போட்டதும், "சரி, இப்பதானே ஆரம்பம், மோட்டாரப் போட்டுட்டு வந்துடறேன்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். மடையைத் திருப்பிவிட்டு, சேற்றுக் காலைக் கழுவாமலே திண்ணை ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தவர், "என்னடா, அதே கோலயே திருப்பித் திருப்பிப் போடறான்" என்றார். அதே கோல் இல்லை. 23ஆம் நிமிடத்திலிருந்து 29ஆம் நிமிடத்துக்குள் நாலு கோல். 5-0. கடைசியில் 7-1. இன்றுவரை அவர் ஆட்டம் நடக்கும்போது எழுந்து போவதில்லை, இடைவேளையில்தான் மோட்டார்.

நாடுகளுக்கு இடையிலான ஆட்டத்தை ஏன் முதலில் பிடிக்கச் சொல்கிறேன் என்றால், அது தினமும் வராது. கிளப் ஆட்டம் (சம்பளத்துக்கு ஆள் எடுக்கிற தனி அணிகள் ஆடுவது) என்பது வாரத்துக்கு இரண்டு மூன்று, வருடத்தில் பத்து மாதம், வேலைவெட்டி உள்ளவனால் பின்தொடர முடியாது. நாட்டு அணி சாதாரணமாக வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டம்தான் ஆடும். மார்ச், ஜூன், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று சில நாட்களை ஒதுக்கியிருப்பார்கள், அப்போது கிளப் லீக்குகள் நின்றுவிடும், வீரர்கள் அவரவர் ஊருக்கு வருவார்கள், தீபாவளிக்கு திருப்பூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற மாதிரி. உலகக் கோப்பை நாலு வருடத்துக்கு ஒருமுறை. கும்பகோணத்தில் மகாமகத்துக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருக்கிறவர்களுக்கு இது ஒரு காத்திருப்பே இல்லை. இடையில் ஐரோப்பாவுக்கு யூரோ, தென்னமெரிக்காவுக்கு கோபா அமெரிக்கா, ஆப்பிரிக்காவுக்கு ஒரு கோப்பை, ஆசியாவுக்கு ஒன்று.

இன்னொன்று, நாட்டு அணிக்கு ஆளை விலைக்கு வாங்க முடியாது. அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், பிறப்பிலோ, பெற்றோர் தாத்தா பாட்டி வழியிலோ, அங்கே பல வருடம் வாழ்ந்ததிலோ ஒட்டு வேண்டும். இதிலிருந்துதான் சுவாரசியமே வருகிறது. எம்பாப்பேயும் ஹக்கீமியும் பாரிஸில் ஒரே கிளப்பில் ஆடிய நெருங்கிய நண்பர்கள், 2022 அரையிறுதியில் பிரான்ஸுக்கும் மொராக்கோவுக்குமாக எதிரெதிரே நின்றார்கள். வில்லியம்ஸ் சகோதரர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆனால் அண்ணன் இனாக்கி கானாவுக்கு ஆடுகிறார், தம்பி நிக்கோ ஸ்பெயினுக்கு. யூரோ இறுதியில் ஸ்பெயினின் முதல் கோல் அந்தத் தம்பி போட்டது. (நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன் இல்லையா.)

சரி, எந்த அணியைப் பிடிப்பது? மெஸ்ஸிக்காக அர்ஜென்டினா என்றால் தாராளமாகப் பிடியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மலையாளிகள் ஆற்றுக்கு நடுவிலேயே கட்அவுட் வைக்கிறார்கள். காரைக்கால் பக்கம் சொந்தக்காரர்கள் பிரான்ஸில் இருந்தால் அதுவே போதுமான காரணம். ஆனால் பெரிய அணி ஒன்று, சின்ன அணி ஒன்று என்று இரண்டாகப் பிடியுங்கள் என்பது என் யோசனை. பெரிய அணி மட்டும் என்றால் தோல்வி வந்தால் மூன்று நாள் சோறு இறங்காது. சின்ன அணிக்கு ஒரு டிராவே திருவிழா. 2026க்கு என்னுடைய சின்ன அணி குராசாவ். கரீபியன் கடலில் ஒரு தீவு, மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தை ஒட்டி, ஏறக்குறைய நம் கும்பகோணம் ஊர் அளவு. உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாடுகளிலேயே ஆள் எண்ணிக்கையில் சிறியது அதுதான். ஜெர்மனி இருக்கிற பிரிவில் மாட்டியிருக்கிறது. கும்பகோணத்துப் பையன்கள் பதினோரு பேர் ஜெர்மனியோடு ஆடுவதாக நினைத்துக்கொண்டு பாருங்கள், ஆட்டம் வேறு மாதிரி தெரியும்.

புள்ளிக் கணக்கு சுலபம். ஜெயித்தால் 3, டிரா என்றால் 1. 2026இல் 48 அணிகள், நாலு நாலாக 12 பிரிவு. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடம் மேலே போகும், மூன்றாம் இடக்காரர்களில் நல்ல கணக்கு வைத்திருக்கிற எட்டுப் பேரும் போவார்கள், அங்கிருந்து தோற்றால் வீடு. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம், சமமானவர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தின் முடிவு என்று போட்டிக்குப் போட்டி வரிசை மாறும். 2018இல் ஜப்பானும் செனகலும் எல்லாவற்றிலும் சமமாகி, மஞ்சள் அட்டை (நடுவர் காட்டும் எச்சரிக்கை) குறைவாக வாங்கியதற்காக ஜப்பான் மேலே போனது. பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடப்பதைக் கவனிப்பீர்கள். 1982இல் அப்படி இல்லை. அல்ஜீரியா தன் ஆட்டத்தை முதல் நாளே முடித்துவிட்டது, மறுநாள் மேற்கு ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தால் தங்களுக்கும் நல்லது, ஆஸ்திரியாவுக்கும் நல்லது என்ற நிலைமை. பத்தாவது நிமிடம் ஒரு கோல் விழுந்தது, அதற்கப்புறம் இரண்டு அணியும் பந்தைத் தள்ளித் தள்ளி நேரத்தைக் கடத்தினார்கள். அல்ஜீரியா வெளியே. அதிலிருந்துதான் இந்த ஏற்பாடு. 2026இல் அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் மறுபடி ஒரே பிரிவு, அர்ஜென்டினாவோடு.

இப்போது ஆஃப்சைடு. எல்லாரும் பயமுறுத்துவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுவதற்கு முன்பே உள்ளே நழுவிப் போய் இலை முன்னால் உட்கார்ந்துவிடுகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள், அவர்தான் ஆஃப்சைடு. கணக்காகச் சொன்னால், சக வீரர் பந்தை உதைக்கிற அந்த நொடியில், எதிரணிப் பாதியில் நிற்கும் வீரர் பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் பக்கமாக இருக்கக் கூடாது. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர், அதனால் அவருக்கு முன்னால் நிற்கிற ஒரு டிஃபென்டரை, அதாவது தடுப்பாட்டக்காரரைப் பார்த்தால் போதும். பந்து வந்து சேரும்போது எங்கே இருந்தார் என்பது கணக்கில்லை, உதைத்த நொடிதான் கணக்கு. சும்மா அங்கே நிற்பது தப்பில்லை, அங்கிருந்து ஆட்டத்தில் கால் வைத்தால்தான் கொடி தூக்குவார்கள். வெளியே போன பந்தை மறுபடி உள்ளே கொண்டுவருகிற த்ரோ-இன், கார்னர், கோல்கிக் மூன்றிலும் ஆஃப்சைடே கிடையாது.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட ஒரு ஆட்டம் பாருங்கள். 2022 கத்தார், நவம்பர் 22, அர்ஜென்டினா-சவூதி அரேபியா. சுருக்கம் ஃபிஃபாவின் யூடியூப் சேனலில் இருக்கிறது. அர்ஜென்டினா அதற்கு முன் 36 ஆட்டங்களாகத் தோற்றதில்லை. 10ஆம் நிமிடம் மெஸ்ஸி பெனால்டியில் கோல் போட்டுவிட்டார். அதற்கப்புறம் முதல் பாதியிலேயே அர்ஜென்டினா மூன்று தடவை பந்தை வலைக்குள் போட்டது, மூன்றும் ஆஃப்சைடு. காரணம் சவூதி டிஃபென்டர்கள். கோலுக்குப் பக்கத்தில் பயந்து நிற்காமல், நடுக்கோட்டை நோக்கி மொத்த வரிசையாக ஏறி நின்றார்கள். நாற்று நட பெண்கள் கயிறு பிடித்து நிற்பார்களே, அப்படி ஒரு நேர்கோடு. பந்தை உதைப்பதற்கு அரை நொடி முன்னால் வரிசை ஒரு அடி முன்னேறும், அர்ஜென்டினாக்காரர் பந்திக்குள் மாட்டிக்கொள்வார். இடைவேளைக்கப்புறம் ஐந்து நிமிட இடைவெளியில் சவூதி இரண்டு கோல். 2-1. அந்தத் தோல்வியோடு தொடங்கிய அர்ஜென்டினாதான் அந்த முறை கோப்பையையும் வென்றது. இந்த ஒரு ஆட்டத்தை வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை ஓட்டினால் ஆஃப்சைடு ஜென்மத்துக்கும் மறக்காது.

பார்க்கிற விதத்தைப் பற்றி ஒன்று. ஆரம்பத்தில் கண் பந்துக்குப் பின்னாலேயே ஓடும், ஓடட்டும். நாலைந்து ஆட்டம் கழித்து, நடுக்கள ஆள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பத்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள். குரோஷியாவின் மோட்ரிச் மாதிரி ஆள் என்றால் உத்தமம். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. மெயின் ரோட்டில் சைக்கிளில் போகிறவர் குறுக்கே திரும்புவதற்கு முன் பஸ் வருகிறதா என்று பார்ப்பாரே, அதே மாதிரி. பந்து காலில் பட்டபிறகு யோசிக்கிறவன் பந்தை இழக்கிறான். இதைக் கவனிக்க ஆரம்பித்தபிறகு எனக்கு கோல் விழாத நேரமும் இழுவையாகத் தெரியவில்லை.

அதற்காக வீட்டில் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். அத்தை ஒருநாள் காலையில் ஸ்கோர் கேட்டார்கள். 0-0 என்றேன். "ராத்திரி முழுக்க முழிச்சிருந்து முட்டையைப் பார்த்தியா?" கிரிக்கெட் பழக்கத்தில் வருகிறவர்களுக்கு முதலில் இடறுவது இதுதான். ஆனால் முட்டைக்கு முட்டை வித்தியாசம் இருக்கிறது. குராசாவ் உலகக் கோப்பைக்குள் நுழைந்ததே 2025 நவம்பரில் ஜமைக்காவில் போய் 0-0 எடுத்துத்தான், அந்த முட்டைக்குத் தீவே தெருவில் ஆடியது. 2024 ஜூன் 6ஆம் தேதி கொல்கத்தாவில் இந்தியா-குவைத் ஆட்டமும் 0-0தான். இந்தியக் கேப்டன் சுனில் சேத்ரி விடைபெற்ற ஆட்டம், 94 கோல் போட்ட மனுஷனுக்கு அன்று ஒன்றும் விழவில்லை, கண் கலங்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். (மறு வருடம் மார்ச்சில் திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராக 95ஆவதையும் போட்டார், அது வேறு கதை.)

இந்தியா பற்றிக் கேட்பீர்கள். ஒரு காலத்தில் நாம் 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாம் இடம். 1950 உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தும் போகவில்லை, வெறுங்காலோடு ஆட விடாததால்தான் என்று சொல்வார்கள், அது பாதிக் கதை, நெடுந்தூரப் பயணமும் ஒலிம்பிக்கே பெரிது என்ற நினைப்பும் இருந்தது. இப்போதைய ஆண்கள் அணி நெஞ்சு வலிக்காரர்களுக்கு ஆகாது. கடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. பெண்கள் அணியைப் பிடியுங்கள் என்பேன். 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று ஜெயித்து, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று ஆடி உள்ளே போனார்கள். அந்த அணிக்கு வருடக்கணக்கில் ஆடியவர்களில் நம் பக்கத்துக் கடலூர் இந்துமதி கதிரேசனும் ஒருவர்.

எங்கே பார்ப்பது என்பது போட்டிக்குப் போட்டி மாறும், ஒளிபரப்பு உரிமையை யார் வாங்கியிருக்கிறார்கள் என்று தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள், போன தடவை கட்டிய பணம் இந்தத் தடவைக்கு உதவாமல் போகலாம். தமிழ் வர்ணனை இருந்தால் முதல் பத்து ஆட்டம் அதிலேயே பாருங்கள், பெயர்கள் காதில் ஏறிவிடும். நடுவில் ஒருநாள் அதிராம்பட்டினம் பக்கம் தொடர் போட்டி நடந்தால் போய் எல்லைக் கோட்டோரம் நின்று பாருங்கள், டிவியில் மெதுவாகத் தெரிகிற பந்து உண்மையில் என்ன வேகம் என்று முழங்காலுக்குப் பக்கத்தில் தெரியும்.

முதல் ஆட்டத்துக்கு அலாரத்தை 12:30க்கு வைக்காதீர்கள், 12:15க்கு வையுங்கள், தேசிய கீதம் பாடுவதை விடக் கூடாது. கண் மூடிக்கொண்டு தொண்டை கிழியப் பாடுகிறவர்களைப் பார்த்தாலே எந்த அணி உங்களுக்கு என்று பாதி முடிவாகிவிடும். ஸ்பெயின்காரர்கள் வாயைத் திறக்காமல் நிற்பார்கள். அதைப் பார்த்து அக்கறை இல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் கீதத்துக்கு மெட்டு மட்டும்தான், வரிகளே கிடையாது.