கோடும் கோணமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயங்காலம் ஆறு மணிக்குப் புரசைவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாய் விரித்து உட்காருவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரைக்கும் இருக்கிறார்கள். வடிவியல் நடக்கிற வாரத்தில் என் காதில் அதிகம் விழுவது, "பார்த்தாலே தெரியுதே மிஸ்" என்பதுதான். மார்க் போவதும் பெரும்பாலும் அங்கேதான். வேடிக்கை என்னவென்றால், கண்ணை நம்பிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே மட்டும் ஒருத்தரும் பார்ப்பதில்லை.

கோணமானியைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு கோணத்தை அளந்து 115° என்று எழுதிக் கொண்டுவந்தான். படத்தில் இருந்ததோ சமோசா முனை மாதிரி ஒரு கோணம். கோணமானியில் எண்கள் இரண்டு வரிசை. ஒன்று வலப்பக்கத்திலிருந்து 0, 10, 20 என்று ஏறும், இன்னொன்று இடப்பக்கத்திலிருந்து ஏறும். அதனால் 65-ம் 115-ம் ஒரே கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அவன் பக்கத்து வரிசையைப் படித்துவிட்டான். "உள் வரிசையைப் பார், வெளி வரிசையைப் பார்" என்று மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோணம் வேறு பக்கம் திறந்தால் அந்த விதி கவிழ்ந்துவிடும். கோணத்தின் ஒரு கதிர், அதாவது முனையிலிருந்து கிளம்பும் கோடு, எந்தப் பூஜ்ஜியத்தின் மேல் படுத்திருக்கிறதோ, அங்கிருந்து எண்ணிக்கொண்டு போனால் போதும். அளப்பதற்கு முன்பே ஓரத்தில் 'குறுங்கோணம்' (90°-க்குக் குறைவு) அல்லது 'விரிகோணம்' (90°-க்கு மேல்) என்று பென்சிலால் எழுதச் சொல்வேன். குறுங்கோணம் என்று எழுதிய கை, அடுத்த வரியில் 115 எழுதத் தயங்கும்.

அதே கோணமானியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிளாஸ்டிக்கின் அடி விளிம்பும் பூஜ்ஜியக் கோடும் பல ஜியோமெட்ரி பெட்டிகளில் ஒன்றல்ல, நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். விளிம்பைக் கதிரின் மேல் வைத்தால் முனை மையத்தில் நிற்காது, விடை சில பாகை தள்ளிப்போகும். மையத்தில் இருக்கும் சின்னக் குறியைத்தான் முனையின் மேல் வைக்க வேண்டும். கதிர் குட்டையாக இருந்து எண்ணைத் தொடவில்லையா? ஸ்கேல் வைத்து நீட்டிக்கொள்ளலாம். "நீட்டினா கோணம் பெருசாயிடாதா மிஸ்?" என்று ஒரு குழந்தை கேட்டாள். நல்ல கேள்வி. சென்ட்ரல் ஸ்டேஷன் கோபுரத்துக் கடிகாரத்தில் மூன்று மணி அடிக்கும்போது முட்களுக்கு நடுவே 90°. உன் கைக்கடிகாரத்திலும் அதே 90° தான். முள்ளின் நீளத்துக்கும் கோணத்துக்கும் சம்பந்தம் இல்லை, திருப்பம்தான் கணக்கு. கடிகாரம் என்றதும் ஒன்று: மூன்றரை மணிக்கு எத்தனை என்று கேட்டால் பாதிப் பேர் 90° என்பார்கள். சின்ன முள் அதற்குள் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நகர்ந்திருக்கும், ஆகவே 75°.

பெயரிடுவதில் தவறு சின்னது, ஆனால் அடிக்கடி வருவது. 'ஏபிசி கோணம்' என்றால் நடுவில் இருக்கும் பி-தான் முனை. 'பிஏசி' என்று மாற்றி எழுதினால் அது வேறு கோணம்.

நிரப்புக் கோணம், மிகை நிரப்புக் கோணம் இரண்டும் குழம்புவதாகத் தமிழ் வழிப் பிள்ளைகள் சொன்னால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பெயரிலேயே 'மிகை' இருக்கிறதே! இரண்டு கோணங்களைக் கூட்டினால் 90° என்றால் நிரப்பு, அதற்கும் மிகையான 180° என்றால் மிகை நிரப்பு. காம்ப்ளிமென்டரி, சப்ளிமென்டரி என்று படிக்கிற பிள்ளைகளுக்கும் இந்தத் தமிழ்ப் பெயரைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டுமே ஜோடிக்குரிய பெயர். முக்கோணத்தின் மூன்று கோணங்கள் கூடி 180° ஆனாலும் அவற்றை மிகை நிரப்பு என்று சொல்லக் கூடாது. ஜோடி பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு 110°, அடுத்த பக்கத்தில் ஒரு 70° இருந்தாலும் மிகை நிரப்புதான்.

குத்தெதிர்க் கோணத்தில் பெயரே காலை வாரும். 'குத்து' என்றதும் பிள்ளைகள் மேலும் கீழும் இருக்கிற ஜோடியை மட்டும் பிடிப்பார்கள், இடமும் வலமும் இருக்கிற ஜோடியை விட்டுவிடுவார்கள். இரண்டு கோடுகள் வெட்டும் முனையில் எதிரெதிரே இருந்தாலே குத்தெதிர், அவை சமம்.

அப்புறம் இணைகோடுகள். நோட்டில் வரைந்த இரண்டு கோடுகள் முட்டிக்கொள்ளவில்லை என்பதால் அவை இணை ஆகிவிடாது. நோட்டுக்கு வெளியே நீட்டினால் எங்கேயாவது முட்டலாம். எதிர்ப்பக்க ஏமாற்றும் உண்டு. மாம்பலம் பிளாட்பாரத்தின் கோடியில் நின்று பார்த்தால் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல் தெரியும். ஆனால் அகலப் பாதையில் நடுவே 1,676 மில்லிமீட்டர், சைதாப்பேட்டைக்குப் போய் அளந்தாலும் அதேதான். அதனால் கேள்வியில் 'இணை' என்ற சொல்லோ, கோட்டின் மேல் அம்புக்குறியோ இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையென்றால் குறுக்குவெட்டி (இரண்டு கோடுகளையும் வெட்டிப்போகும் மூன்றாவது கோடு) உண்டாக்கும் ஒத்த கோணங்கள், அதாவது இரண்டு வெட்டுமுனையிலும் ஒரே மூலையில் இருப்பவை, சமம் என்று எழுத உரிமை இல்லை. ஒத்த கோணங்கள் எந்த இரண்டு கோட்டை வெட்டினாலும் கிடைக்கும், சமமாவது கோடுகள் இணையாக இருக்கும்போது மட்டும்.

இணை என்று தெரிந்த பிறகும் ஒரு குழி இருக்கிறது. எல்லாவற்றையும் 'சமம்' என்று போட்டுவிடுவது. அந்தச் சமோசாப் பையனுக்கே ஒரு கணக்குக் கொடுத்தேன். இணைகோடுகள், ஒரு குறுக்குவெட்டி. அதன் ஒரே பக்கத்தில் இரண்டு உட்கோணங்கள், அதாவது இணைகோடுகளுக்கு நடுவே இருப்பவை: 3எக்ஸ் + 10, 2எக்ஸ் + 20. அவன் இரண்டையும் சமப்படுத்தி எக்ஸ் = 10 என்றான். அப்படியானால் இரண்டு கோணமும் 40°. சரி, படத்தைப் பார் என்றேன். ஒன்று செங்கோணத்தைத் தாண்டி விரிந்து கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்தான். "ஒண்ணு பெருசா இருக்கே மிஸ், எப்படி 40 வரும்?" ரப்பரை எடுத்தான். ஒரே பக்க உட்கோணங்கள் சமம் அல்ல, கூட்டினால் 180°. ஆக 5எக்ஸ் + 30 = 180, எக்ஸ் = 30, கோணங்கள் 100°, 80°. காரணத்தை அடைப்புக்குறிக்குள் எழுதச் சொன்னேன். 'பார்த்தாலே தெரிகிறது' என்று எழுதிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான்.