புதுச்சேரித் தெருக்களை நடந்து பார்ப்பது எப்படி?

கடலூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரை, மணக்குள விநாயகர், ஆசிரமம் என்று முடித்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அந்த ஊரின் விசேஷம் வீட்டு வாசல்களில் இருக்கிறது. அதைப் பார்க்க மூன்று மணி நேரம் போதும், ஆனால் விடியற்காலையாக இருக்கவேண்டும்.

காலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்குங்கள். மாலை 6 முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதியில்லை. பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே நடங்கள். பழைய நகரின் தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி நேர்நேராக ஓடுகின்றன. வழி தவறினால் கிழக்கே திரும்புங்கள், கடல் வந்துவிடும்.

பழைய நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் குடியிருந்த டூமாஸ் வீதிப் பக்கம், உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும்தான் தெரியும். தோட்டமெல்லாம் உள்ளே. இங்கே பார்க்கவேண்டியவை தமிழும் பிரெஞ்சும் எழுதிய நீலப் பெயர்ப்பலகைகளும், வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் சாய்ந்த பட்டிகள் வைத்த ஜன்னல்களும். அரை மணி நேரம் போதும்.

மிச்ச நேரத்தை வாய்க்காலுக்கு மேற்கே வைத்துக்கொள்ளுங்கள். வைசியாள் வீதி, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி இரண்டும் போதும். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதி குடியிருந்த வீடு இரண்டாவது தெருவில்தான், இப்போது அருங்காட்சியகம். தெருவையொட்டி மரத்தூண்களின்மேல் ஓடு வேய்ந்திருப்பது தாழ்வாரம், வழிப்போக்கர் ஒதுங்க. அதை அடுத்துத் திண்ணை. கீழே இப்படி முழுத் தமிழ் வீடாக இருப்பதற்கு மேலே மாடி பிரெஞ்சு பாணியில் வளைவு ஜன்னல்களோடு நிற்கும். வாசலை ஒட்டி நடந்தால் தாழ்வாரக் கூரை மாடியை மறைத்துவிடும், ஆகவே எதிர்ச்சாரியில் நடங்கள். திரும்பி வரும்போது இந்தச் சாரி.

சுவர்களையும் கவனியுங்கள். பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புக் காற்றும் சேர்ந்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துவரும். எந்த வீட்டில் சிமெண்டால் ஒட்டுப்போட்டார்கள் என்பதை அந்த உரிந்த இடமே காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டு மணிக்கு மேல் நேரு வீதியிலுள்ள குபேர் அங்காடி. மீன், பூ, காய்கறி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி. மீன் பகுதியில் தரை வழுக்கும், செருப்பு பார்த்துப் போட்டுப் போங்கள். போகிற வழியில் சிவப்புக் கெப்பித் தொப்பி போட்ட போலீஸ்காரரைப் பார்க்கலாம், பிரெஞ்சுக்காரர் காலத்து மிச்சம்.

வாடகை ஸ்கூட்டர் வேண்டாம். ஒருவழிப் பாதைகளைப் பார்த்து ஓட்டுவதிலேயே கவனம் போய்விடும், தலைக்குமேல் இருப்பது எதுவும் கண்ணில் படாது. பத்து மணிக்கு வந்து இறங்கினால் கோலம் கலைந்திருக்கும், திண்ணையில் ஆள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்கச் சந்தை. பேரம் பேசிச் சாமான் வாங்க நல்ல நாள், வீடு பார்க்க அல்ல. திண்ணையில் இருப்பவர்களைப் படமெடுக்குமுன் கேளுங்கள். திறந்த கதவு வழியாக முற்றத்தை எடுப்பதும் கேட்ட பிறகுதான், உள்ளே குடித்தனம் நடக்கிறது.